எட்டுக் கட்டத் தாள்

கிராஃப் தாளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். எட்டாம் வகுப்பில் நான் போட்ட கணக்கு தப்பில்லை. எந்தச் சபையிலும் சொல்வேன்.

சூலூர்ப் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீடு எங்களுடையது. முழுப்பரீட்சையில் கணக்கில் தேறினால் ஒன்பதாவது, இல்லையென்றால் தன்னோடு தறிக்கு என்று அப்பா சொல்லியிருந்தார். கிராஃப் தாளை அவரவரே கொண்டுவர வேண்டும். கடையில் தீர்ந்துபோயிருந்தது. மாமன் சேலைக் கரைக்குப் பூ வரைகிறவர். தன் கட்டத் தாளில் ஒன்றைக் கொடுத்தார். கிராஃப் தாளில் ஒரு பெரிய கட்டத்துக்குள் வரிசைக்குப் பத்துச் சிறு கட்டம் இருக்கும். நெசவுத் தாளில் அதே அளவுச் சிறு கட்டம் எட்டுத்தான்; அதனால் பெரிய கட்டமும் சின்னது.

y = 2x + 1 என்ற சமன்பாட்டுக்கு வரைபடம் கேட்டிருந்தார்கள். ஒரு பெரிய கட்டம் ஓர் அலகு என்று தாளின் மூலையில் எழுதிவைத்தேன். x பூஜ்யமானால் y ஒன்று, x ஒன்றானால் y மூன்று, x இரண்டானால் ஐந்து. மூன்று புள்ளிகளும் ஸ்கேலை ஒட்டி ஒரே கோட்டில் நின்றன.

கணக்கு வாத்தியார் திருத்துவதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தான் வரைந்த தாளின் மேல் எங்கள் தாளை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தால் முழு மார்க். என் கோடு அவருடையதற்குக் கீழே, அதைத் தொடாமல் கூடவே ஓடியது. முட்டை போட்டார். அந்த மார்க் இல்லாமல் நான் தேறவில்லை.

அம்மாவை வாத்தியார்கள் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். ஏழாவது படித்த தங்கையும் கூட வந்து கதவோரம் நின்றாள்.

"பூப் போடற தாள்ல கணக்குப் போட்டா கணக்கு வருமா கண்ணு? பூத்தான் வரும்" என்றார் வாத்தியார். மற்ற வாத்தியார்கள் சிரித்தார்கள்.

"மூலையில அளவு எழுதியிருக்கறனுங்க சார். அதைப் படிச்சீங்களா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, பையன் வாயில மட்டும் பாஸாயிட்டானுங்க."

"தெரியாமச் செஞ்சுபோட்டானுங்க சார். மனசுல வெச்சுக்காதீங்க" என்று அம்மா கும்பிட்டாள்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றேன். அம்மா என் தோளை அழுத்தி வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் தறிக்குப் போனேன். அதன்பின் காங்கேயத்தில் எண்ணெய் ஆலை, ஆனைமலையில் தேங்காய் உரிப்பு, எங்கேயும் காலூன்றவில்லை. வாத்தியாரையாவது சில நாள் மறந்திருந்தேன். என் பக்கம் நிற்கவேண்டியவள் அந்த ஆளைக் கும்பிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்று வீடுவரை அவளோடு பேசாமல் முன்னால் நடந்தேன்.

பின்னால் அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வரும் வருசம் தங்கைக்கும் அதே வகுப்பு, அதே வாத்தியார். திரும்பிப் பார்த்திருந்தாலும் அன்று எனக்கு அது விளங்கியிருக்காது.