ஆறு பார்க்கப் போன மதலேனா

மன்னார்க் கடலோர ஊரான அரிப்பில் மதலேனா ஓட்டோ ஓட்டத் தொடங்கியபோது ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. அவள் அதில் மீன் ஏற்றி, ஆள் ஏற்றி உழைக்கத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. உழைப்புக்கென்றால் ஊர் எதையும் பொறுத்துக்கொள்ளும். பொறுக்க முடியாமல் போனது, ஒரு மாசி மாதத்தில் அவள் செய்த காரியத்தைத்தான்.

ஓட்டோ அவள் கணவன் லோறன்ஸ் வாங்கியது. சண்டை முடிந்து ஊர் திரும்பியபின், ஷெல் பட்ட காலோடு கடலுக்குப் போக முடியாமல் அதை ஓட்டிப் பிழைத்தான். மாரடைப்பில் அவன் கண்ணை மூடி, முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு அவனுடைய தமையன் வலன்ரைன் வந்து நின்றார்.

"பொம்பிளை நீ இதை வைச்சு என்ன செய்யப்போறாய்? திறப்பைத் தா. என்ர மூத்தவன் ஓடட்டும்."

மதலேனா ஓட்டோச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். கடற்கரை வெளியில் தானாகவே உருட்டிப் பழகினாள். ஒருநாள் மீன்வாடி ஒன்றின் கிடுகுச் சுவருக்குள் கொண்டுபோய்ச் சொருகினாள். அப்படியும் லைசென்ஸ் எடுத்துவிட்டாள்.

அருவியாறு கடலில் விழுவது அரிப்பில்தான். பிறந்ததிலிருந்து அந்த ஆற்றுவாயை அவள் பார்த்திருக்கிறாள், ஆற்றைப் பார்த்ததில்லை. அதன் கரையோடு போன பயணமெல்லாம் சண்டைக்குத் தப்பிய ஓட்டந்தான். தொண்ணூறாம் ஆண்டில் கைக்குழந்தையோடு ட்ரக்டர் பெட்டியில் குந்தி மடு மாதா கோயிலுக்கு அடைக்கலம் தேடிப் போனாள். பிறகொருமுறை சட்டி பானையைத் தலையில் வைத்து நானாட்டான் அகதி முகாமுக்கு நடந்தாள். வழியில் மரம் நின்றதா, தண்ணீர் ஓடியதா என்று யார் கண்டார்கள்? அந்த வழியில் ஒருமுறை ஆறுதலாகப் போகவேண்டும், நினைத்த இடத்தில் நிற்கவேண்டும் என்ற ஆசை, மழை விட்டு வானம் வெளித்த அந்த மாசியில் அவளைப் பிடித்து உலுப்பியது.

வலன்ரைன் கேள்விப்பட்டு ஓடிவந்தார். "கோயில் நேர்த்திக்கடனோ?"

"இல்லை அத்தான்."

"செத்த வீடோ, கலியாண வீடோ?"

"ஒண்டுமில்லை. ஆறு பாக்கப் போறன்."

"புருசன் செத்த பொம்பிளை ஊர் சுத்தப் போறாளெண்டு சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும். எனக்கு அந்தக் கதையைக் கேக்க நேரமில்லை. விடியப் போறன்," என்றாள்.

முருங்கனில் சிவக்கொழுந்து காத்திருந்தாள். வயல்காரி. முகாமில் ஒரே தறப்பாள் கூரைக்குக் கீழ் மதலேனாவோடு காலம் தள்ளியவள். அறுவடை முடிந்து, வைக்கோல் வாசம் இன்னும் சேலையில் இருந்தது. இருவரும் கடையில் பிளேன்ரீ குடித்தார்கள். சுடச்சுட வடையும் கட்டிக்கொண்டார்கள். மதலேனா மெல்லமாகவே ஓட்டினாள். வாய்க்கால் கண்ட இடத்தில் நின்றாள். வயலில் கூட்டமாக இறங்கிய கொக்குகளைப் பார்க்கவென்று ஒருதரம் எஞ்சினையே நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்து விலத்திப் போனது.

காடு இறுகத் தொடங்கும் இடத்தில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார்.

"கொஹேத யன்னே?"

சிங்கள மீன் வியாபாரிகளோடு பேரம் பேசிப் பேசி மதலேனாவுக்கு அந்தப் பாஷை ஓரளவு வரும். எங்கே போகிறாய் என்கிறார்.

"நிகங்," என்றாள். சும்மா.

அவர் லைசென்சை வாங்கிப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "சும்மா எப்படிப் போறது? அரிப்பில இருந்து இவ்வளவு தூரம். என்ன வேலை?"

"வேலை இல்லை. ஆறு பாக்கப் போறம்."

சீற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தார். பாயும் மாற்றுத்துணியும் சாப்பாட்டுப் பார்சலும் இருந்தன. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "மடுக் கோயிலுக்குத்தானே?" என்று அவரே வழி எடுத்துக் கொடுத்தார்.

சிவக்கொழுந்து முழங்கையால் இடித்தாள். "ஓமெண்டு சொல்லுங்கோவன் அக்கா. விட்டிடுவார்."

ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்ல மதலேனாவுக்கு மனமில்லை. எத்தனை சோதனைச் சாவடிகளில், எத்தனை பேருக்குக் காரணம் சொல்லியிருக்கிறாள்! பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உள்ளதைச் சொன்னபோது நம்பாமல் வெயிலில் நிறுத்தினார்கள். பொய் சொன்னபோது விட்டார்கள்.

"மாதாட்டப் போறதெண்டால் மாதாட்டப் போறன் எண்டு சொல்லுவன் ஐயா. இண்டைக்கு அங்க போகேல்லை. அவவின்ர பேரில பொய் சொல்லவும் மாட்டன்."

அவர் லைசென்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தள்ளிப் போய் யாருக்கோ போன் எடுத்தார். மதலேனா பாயை எடுத்துப் பாலைமரத்தின் கீழ் விரித்தாள். "நீங்கள் யோசிச்சு முடியுமட்டும் நாங்கள் சாப்பிடுறம்," என்று குரல் கொடுத்துவிட்டுப் புட்டுப் பார்சலை அவிழ்த்தாள். சப்பணம் கட்டி அமர்ந்தாள். சிவக்கொழுந்து பொலிஸ்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதலேனா கருவாட்டின் முள்ளை எடுத்து எடுத்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

கடைசியில் அவர் வந்து லைசென்சை நீட்டினார். "பிஸ்ஸு," என்று முணுமுணுத்தார். பைத்தியம் என்கிறாராக்கும். பைத்தியமென்றாலும் காரணம் இல்லாமல் போக விட்டாரே! மதலேனா முன்னையிலும் மெதுவாக ஓட்டோவை எடுத்தாள்.

ஆற்றை மறித்துக் கட்டிய தேக்கத்துக்குப் போகும் கிரவல் பாதை குண்டும் குழியும். அணைக்கட்டின் மேலால் தண்ணீர் வெள்ளையாய் விழுந்துகொண்டிருந்தது. கரை நெடுக மருத மரங்கள், வேரை ஆற்றுக்குள் விட்டுக்கொண்டு. மதலேனா சேலையோடு இடுப்பளவுக்கு இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். ஊரில் உப்புக் கரிக்கிற அதே ஆறு இங்கே இளநீராய் இருந்தது. "கொழுந்து, இறங்கடி!" என்று கத்தினாள். முழங்கால் மட்டும் இறங்கிய சிவக்கொழுந்தை இழுத்து விழுத்தினாள். இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தார்கள்.

கரையில் போன் அலறியது. வலன்ரைன்.

"எங்க நிக்கிறாய்? ஊர் சிரிக்குது. உடன திரும்பி வா!"

"ஆத்தடியில நிக்கிறன் அத்தான். நாளைக்குத்தான் வருவன். சத்தம் கேக்குதோ?" என்று போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

அன்றிரவு செட்டிக்குளத்தில் சிவக்கொழுந்தின் தமக்கை வீட்டில் தங்கினார்கள். மறுநாள் சிவக்கொழுந்தை முருங்கனில் இறக்கிவிட்டு, வெயில் சாய மதலேனா அரிப்புக்கு வந்தாள். வலன்ரைன் அதற்குப் பிறகு அவள் படலையைத் திறக்கவில்லை. கோயில் மாதர் சங்கத்தில் அவளிடமிருந்த பொறுப்பை, அவளைக் கேளாமலே வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். அவள் அதற்கும் அழவில்லை. வழக்கம்போலக் கோயிலில் முன்வரிசை வாங்கிலேயே போய் இருந்து பூசை கண்டாள்.

சித்திரை பிறந்தபின் ஒருநாள் வலன்ரைனின் மனைவி அருளம்மா வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளை, அடுத்தமுறை போகேக்க எனக்கும் ஒரு இடம் இருக்குமோ? அவருக்குத் தெரியவேண்டாம். மன்னாருக்கு மருந்தெடுக்கப் போறனெண்டு சொல்லிப்போட்டு வாறன்."

"அப்பிடியெண்டால் இடமில்லை அக்கா. ஆறு பாக்கப் போறனெண்டு அவற்ற முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டு வாங்கோ. வழி முழுக்க நீங்கள் சொன்ன இடத்தில நிப்பாட்டுறன்."

அருளம்மா ஒரு கிழமை யோசித்தாள். பிறகு புருசனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். வலன்ரைன் அன்று முழுக்க வீட்டில் சாப்பிடவில்லை. சனிக்கிழமை விடிய, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, அருளம்மா நல்ல சேலை உடுத்தி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஓட்டோவின் பின்சீற்றில் ஏறி நிமிர்ந்து இருந்தாள்.