எலுமிச்சம்பழமும் இரண்டாவது சிக்னலும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த கம்பெனி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் இருந்தது. எங்கள் முதலாளிக்குக் கம்ப்யூட்டரும் லோரியும் ஒன்றுதான். புது லோரியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுபோல, புது கம்ப்யூட்டர் மேலும் ஒன்றை வைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார். நான் யூனிவர்சிட்டியில் படித்தவளாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசுக்குப் புரோகிராம் எழுதியிருந்தேன். தன்னிடம் இல்லாத மெமரியை அது தொட்டால் சிஸ்டம் ஒரு சிக்னல் அனுப்பும்; பிடிக்க ஆளில்லாவிட்டால் புரோகிராம் செத்துவிடும். அந்தச் சிக்னலைப் பிடித்து, வேண்டிய மெமரியைக் கொடுத்து, வேலையைத் தொடரவிட ஒரு சின்னப் பகுதி வைத்திருந்தேன். எங்கள் ஆபீஸ் மெஷினில் அது எத்தனை முறை வேண்டுமானாலும் பிடிக்கும். கிள்ளான் மெஷின் வேறு கம்பெனி தயாரிப்பு, அதன் சிஸ்டமும் வேறு. முதலாளி அதன் மேலும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஆரம்பித்தார். முதல் முறை சமர்த்தாகப் பிடித்தது. அடுத்த முறை, வாடிக்கையாளர் கண்ணெதிரே, புரோகிராம் பொத்தென்று விழுந்து செத்தது. மேனுவலைப் புரட்டினேன். சிக்னலைப் பிடிக்கலாம் என்று பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்; ஒரு முறை பிடித்த பின் என்ன ஆகும் என்று எதுவும் இல்லை.

"நாளைக்கும் விழுந்துச்சுன்னா, வேலை கன்ஃபர்ம் ஆகும்னு நினைக்காத லா," என்றார் முதலாளி. வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் கிள்ளானுக்கு அவர் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்தார். எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

"நேத்து வச்சது ஒரு கண்டத்தைத் தாங்கிட்டு முடிஞ்சு போச்சும்மா. ஒரு தடவை வேலை செஞ்சா, மறுபடி புதுசு வைக்கணும். இதுகூடவா தெரியாது?"

சிரிக்க வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். அந்த அதிமேதாவி சிஸ்டமும் இதையே செய்தால்? ஒரு சிக்னலை என் பகுதியிடம் கொடுத்ததும், பிடிக்க ஆள் இருந்ததையே மறந்துவிட்டால்? பிடிக்கிற பகுதி ஒவ்வொரு முறையும் தன்னை மறுபடி பதிவு செய்துகொள்ளும்படி ஒரு வரி சேர்த்தேன். சாயங்காலம் வரை புரோகிராம் விழவே இல்லை.

முதலாளி அங்கேயே என் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த ஒரு வரியைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு, வாடிக்கையாளரிடம் பெருமையாகச் சொன்னார்:

"கவலப்படாதீங்க பாஸ். இனிமே பழம் மாத்துறதுக்குன்னே யூனிவர்சிட்டி படிச்ச பொண்ணு இருக்கு."