துரை பங்களாவின் காலி போத்தல்

எங்கள் வீட்டில் குடிப்பவர் யாரும் இல்லை. ஆனால் ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வரிசை வீடுகளிலேயே மதுப் போத்தல்கள் அதிகம் இருப்பது என் வீட்டில்தான். எல்லாம் காலி, எல்லாம் பழசு. இதை விளக்கப் போனால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது என்பதால் விளக்குவதையே நிறுத்திவிட்டேன்.

செனாய் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பிடித்த பைத்தியம் இது. என் கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்தது கரும்பு வெட்ட, வடக்கே செபராங் பிறைக்கு. கரும்பு போய் ரப்பர் வந்த பிறகுதான் குடும்பம் ஜொகூருக்கு வந்தது. அவருக்குப் படம் கிடையாது. தீபாவளிக்கு முதல் நாள் படையலில் அப்பா படம் இருக்கும், தாத்தா படம் இருக்கும். கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு வாழையிலை மட்டும், பின்னால் வெறும் சுவர். அந்த இடத்தில் வைக்க அவர் கைபட்ட பொருள் ஏதாவது ஒன்று வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. வேட்டி மக்கிப்போயிருக்கும், கத்தி துருப்பிடித்திருக்கும். கண்ணாடிதானே மண்ணுக்குள் தாங்கும்? அப்படித்தான் போத்தலில் வந்து விழுந்தேன்.

முதல் கண்டுபிடிப்பைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பட்டுத் துணியில் சுற்றி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். என் மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடிப்பாகத்தைப் படித்தாள். பத்து பாகாட் ஊரில் செய்த கிச்சாப், அதாவது சோயா சாஸ் போத்தல். எங்கள் அடுப்பு மேடையிலும் அதேதான் இருந்தது.

அதன் பிறகு மற்றத் தோட்டங்களின் துரை பங்களாக் குழிகளிலிருந்து பழைய மதுப் போத்தல்கள் நிறையச் சேர்ந்தன; கரும்புக் காலத்து உண்மையானது இந்த வருடம்தான் கிடைத்தது. செபராங் பிறையில், ஒரு காலத்தில் கரும்பு விளைந்து இப்போது எண்ணெய்க்குச் செம்பனை நிற்கும் தோட்டம் ஒன்றில், அனுமதி வாங்கி, பழைய துரை பங்களாவின் குப்பைக்குழியைத் தோண்டினேன். கரும்பச்சைக் கண்ணாடி, சதுரமான அடிப்பாகம், சற்றே கோணிய கழுத்து, உள்ளே காற்றுக் குமிழ்கள். அழுதேவிட்டேன். முதுகுப் பிடிப்பும் ஒரு காரணம். அதைக் காரின் முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, ஜொகூர் வரை மெதுவாக ஓட்டி வந்தேன்.

படையலன்று அதைக் கொள்ளுத்தாத்தாவின் இலைக்குப் பின்னால் வைத்தேன். வடைத் தட்டோடு வந்த மனைவி அப்படியே நின்றாள்.

"அலமாக்! இது என்னங்க?"

"கொள்ளுத்தாத்தா தோட்டத்துப் போத்தல். அந்தக் காலத்து ஜின்."

"கரும்பு வெட்டுனவருக்கு யாருங்க ஜின் குடுத்தா? எங்க கிடைச்சிச்சு?"

"துரை பங்களா குப்பைக்குழியில."

"அப்ப குடிச்சது துரை. காலி போத்தலத் தூக்கிட்டுப் போய்ப் போட்டது உங்க கொள்ளுத்தாத்தா. அத மறுபடியும் இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தது நீங்க. நல்ல குடும்பம் லா!"

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அலமாரி நிறைய நான் துடைத்துத் துடைத்து அடுக்கியதெல்லாம் துரைகளின் எச்சில் போத்தல்கள். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. வெட்கமாக இருந்தது. எடுத்துவிடலாம் என்று கழுத்தைப் பிடித்தேன்.

"வைங்க," என்றாள். "அவரும் அந்தக் கழுத்தப் பிடிச்சுத்தானே தூக்கியிருப்பாரு?"

வேறு யாராவது தூக்கியிருக்கலாம், அது வேறு தோட்டமாகவும் இருக்கலாம். இப்படியெல்லாம் வாதாட எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அவள் சூடம் ஏற்றி முடிக்கும்வரை போத்தலின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.