பொண்ணு பாக்கணும்னா கிரவுண்டுக்கு வாங்க

திருவொற்றியூரில் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் அவர். போட்டி நாளன்று மைதானத்துக்குப் பத்திரிகைக்காகப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். நரைத்த கிராப்பு, கழுத்தில் விசில். அந்த அம்மா உட்காரவே இல்லை. வாங்கிய கோப்பைகளைப் பற்றிக் கேட்டால், கன்டெய்னர் லாரிகள் அடைத்து நின்ற சாலையையே பார்த்தார்.

"ஒரு பொண்ணு இன்னும் வரல. நல்லா ஆட்ற பொண்ணு சார். இன்னிக்கு அவளப் பொண்ணு பாக்க வராங்களாம், வூட்ல வுடல" என்றவர், மொபெட்டில் கிளம்பிவிட்டார்.

பாதி ஆட்டத்தில், தலை நிறையப் பூவோடு அந்தப் பெண்ணைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார்.

"எப்படி விட்டாங்க?"

"பொண்ணு பாக்கணும்னா கிரவுண்டுக்கு வாங்கன்னு மாப்ள வூட்டாண்ட சொல்லிட்டேன்."

வந்தார்கள், பெண்ணின் அப்பாவும் கூடவே. அணி ஜெயித்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பூ, பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், அவள் அப்பா அழுதுகொண்டிருந்தார். அந்த அம்மா செய்தது சரியா என்று இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.