தம்மாமிலிருந்து வந்த ஓவன்

என் மச்சான் முகம்மது கனிக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, இனிமேல் போகமாட்டேன் என்று சொல்லித் திருச்சிக்கு வந்தவர். என் அக்கா சாரா பீவி அதை நம்பவில்லை. இதற்கு முன்னும் அப்படித்தான் சொன்னார், அப்புறம் பெட்டி கட்டிக்கொண்டு போனார்.

பாலக்கரை வீட்டில் அவர் கை படாத ஸ்விட்ச் கிடையாது. ஃபேன், மோட்டார், கிரைண்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். எல்லாம் ஓட ஆரம்பித்ததும் முகம் தொங்கிப்போகும். உச்சி வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டுவார். ஸ்ரீரங்கத்து உத்தர வீதி நாலையும் சுற்றிவிட்டு வருவார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா, காத்து வாங்க" என்பார். சித்திரை மாசத்தில் அங்கே மட்டும் காற்று எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்தத் தடவை தோஹாவில் ஒரு வேலை இருப்பதாக ஏஜென்ட் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். மச்சான் போனும் கையுமாக மாடிக்கும் வாசலுக்கும் நடந்தார். போகிறாரா இல்லையா என்று அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் அவர் கைவைக்காமல் மிச்சமிருந்தது கேக் ஓவன் ஒன்றுதான். கல்யாணமான புதிதிலிருந்து அக்கா கேட்டது. ஒவ்வொரு லீவுக்கும் சென்ட்டும் போர்வையும்தான் வந்தன. கடைசியாக இப்போதுதான் ஓவன் வந்தது, அட்டைப்பெட்டியில், மேலே கயிறு கட்டி. ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த டீச்சரம்மா ஒருவர் முட்டை போடாத கேக் கேட்டிருந்ததால், அன்று மத்தியானம் அக்கா மாவு கலக்க, மச்சான் பெட்டியைப் பிரித்தார்.

பிளக்கைக் கையில் எடுத்தவர், பின்பக்கத்து லேபிளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"மாப்ளே, கெட்டுது போ. இது நூத்தி இருபத்தேழு வோல்ட்டு. அங்க பழைய பில்டிங்ல ரெண்டு விதக் கரண்டு வரும். ரூம்ல நல்லா ஓடுச்சேன்னு கட்டிக் கொண்டாந்துட்டேன்."

சவுதிக்குப் போய்வந்தவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு இது. எங்கள் தெருவிலேயே இப்படி இஸ்திரிப்பெட்டி கருகியிருக்கிறது. ஆனால் செய்தவர் மெக்கானிக் ஆயிற்றே. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஊருக்கெல்லாம் கரண்டு பாத்துட்டு, சொந்த வீட்டுக்குப் பாக்கலியே மச்சான்."

அவருக்குக் கோபம் வரவில்லை. மாறாக, முகம் தெளிந்துவிட்டது. கெட்ட பொருளைக் கண்டால் அந்த மனுஷனுக்கு உயிர் வரும்.

"கேளு. இது பத்து ஆம்பியர் இழுக்கும்னு போட்டிருக்கான். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ரெசிஸ்டன்ஸ். பன்னெண்டு புள்ளி ஏழு ஓம். ரெண்டையும் பெருக்கினா பவர். ஆயிரத்து இருநூத்தி எழுபது வாட்ஸ்."

"இங்க மாட்டினா?"

"ரெசிஸ்டன்ஸ் அதேதான். நம்ம இருநூத்தி முப்பதை அதால வகு. பதினெட்டு ஆம்பியர். பவர் நாலாயிரத்தைத் தாண்டிடும். வோல்ட்டு ரெண்டு மடங்குகூட ஏறல, சூடு மூணு மடங்குக்கு மேல ஏறிடுது."

கேக்கோடு சேர்ந்து வீடும் வெந்திருக்கும். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

அவர் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஹீட்டர், தனித்தனியாகக் கரண்டு வாங்குகிற மாதிரி இருந்தன. மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் இருபத்தைந்தரை ஓம் பக்கம் காட்டியது.

"ரெண்டையும் ஒண்ணு பின்னால ஒண்ணா சீரிஸ்ல போட்டுட்டா மொத்தம் ஐம்பத்தொண்ணு. நாலரை ஆம்பியர்தான் இழுக்கும். ஆயிரம் வாட்ஸுக்குக் கொஞ்சம் மேல. மெதுவா வேகும், ஆனா வேகும்."

வயரை மாற்றி முறுக்கி, மூடியை மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கம்பியும் சிவந்தன. நான் கைதட்டினேன். அவர் தட்டவில்லை. முகம் மறுபடி தொங்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஏஜென்ட்டின் போன் அடித்தது.

"சாரா, இனிமே உனக்கு ஒரு குறையும் இல்ல. வீட்ல எல்லாம் சரியாயிடுச்சு" என்றார், போனைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாங்க, எல்லாம் சரியாயிடுச்சு" என்றாள் அக்கா. "நான் இனிமே எதைக் கெடுக்கட்டும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மோட்டார் வயரைப் புடுங்கினது நாந்தான். கிரைண்டர் பெல்ட்டை அறுத்ததும் நாந்தான். ஏதாவது ஒண்ணு கெட்டுக் கிடக்கிற வரைக்கும் நீங்க வீட்ல இருக்கீங்க. இதை நான் கெடுக்கல, அல்லாவாப் பாத்துக் குடுத்தான்னு நெனச்சேன். அதையும் சரி பண்ணிட்டீங்க."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. மாவுத் தட்டைக் கையில் ஏந்தியபடியே நின்றாள். இருபது வருஷமாக இவளை நல்ல பொறுமைசாலி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேனே, என்ன தம்பி நான்.

போன் ஓய்ந்து மறுபடி அடித்தது. மச்சான் அதை என்னிடம் நீட்டினார்.

"வீட்ல இல்லன்னு சொல்லாத. வரமாட்டாருன்னு சொல்லு."

வாங்கிச் சொன்னேன். ஏஜென்ட் எதற்கு என்று கேட்டார். வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். அப்போதுதான் அக்கா அழுதாள்.