ஞானாம்பிகை அக்காவின் வெள்ளிக்கிழமை இறைப்பு

நான் சொல்லப்போவது சத்தியமாக நடந்த கதை. அச்சுவேலிச் சந்தைக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். சரி, பதினைந்து தடவை. முதல் தடவை சொன்னபோது, சண்டைக்குப் பயந்து கோயில் மடத்துக்குள் எண்பது பேர் இருந்தார்கள். போன மாதம் எண்ணூறு பேர் ஆகிவிட்டார்கள். அந்த மடத்தில் எண்ணூறு பேரை ஏற்றுவதென்றால் வெங்காயப் பிடி கட்டித் தொங்கவிடுவதுபோல கூரை வளையில் தொங்கவிடவேண்டும். ஆகவே கொஞ்சம் இழுத்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஞானாம்பிகை அக்கா வருகிற இடங்களில் ஒரு சாண்கூட இழுக்கவில்லை. இழுக்கத் தேவையில்லாத ஆள் அவர்.

பார்த்தால் நம்பமாட்டீர்கள். அவ்வளவு மெலிவு. சோளகக் காற்றடித்தால் சேலைதான் அவரைப் பிடித்து வைத்திருக்கும். இப்போது அறுபத்தைந்து வயது. இன்றைக்கும் சைக்கிளில் தோட்டத்துக்குப் போகிறார்.

போன ஞாயிறு காலை கனடாவிலிருந்து வந்து நிற்கும் றொகான் என்னை விடவில்லை.

"அண்ணை, அந்தக் குழாய்க் கதையைச் சொல்லுங்கோவன்."

பக்கத்தில் இளையதம்பி அண்ணை வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எதிர் வாங்குப் பலகையில் செந்தூரன் இருந்தான். செந்தூரன் இருக்கும்போது நான் இதைச் சொல்வதில்லை. கதையில் செத்துப்போகிறவர் அவனுடைய அப்பா முருகேசு. நான் அவனைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோ," என்றான். "ஊரெல்லாம் கேட்டிட்டுது. நானும் ஒருக்காக் கேப்பம்."

சொன்னேன்.

எங்கள் தோட்டக்கிணறு பங்குக் கிணறு. ஆளாளுக்கு இறைப்பு முறை உண்டு. வெள்ளி காலை ஞானாம்பிகை அக்கா. அவர் முடித்த கையோடு முருகேசு அண்ணை. முதல் ஆளின் நீரிறைக்கிற மிசின் சத்தம் கேட்டால் அடுத்த ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்கவேண்டும். வராவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். அந்த நாளில் மிசினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் இளநீரைவிட அருமை. ஒரு முறை தவறினால் வெங்காயம் அவிந்துபோகும்.

சண்டை எங்கள் பக்கம் வந்த ஆடி மாதத்தில் ஊர்ச்சனம் மடத்துக்குள் அடைந்தது. ஒரு வெள்ளி காலை ஐந்தாறு இயக்கப் பெடியள் செல் அடிக்கிற குழாயொன்றைக் கொண்டுவந்து, மடத்திலிருந்து கூப்பிடுதூரத்தில், அக்காவின் வெங்காயத் தறைக்குள் நட்டார்கள். நான் பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள் இருந்தேன். பயத்தில் ஒளித்திருக்கவில்லை, வாழைகள் பயந்துபோயிருந்தன, துணைக்கு நின்றேன்.

அக்கா வந்தார்.

"அக்கா, அங்காலை போங்கோ. இது சண்டை நடக்கிற இடம்," என்றான் பொறுப்பானவன்.

"இது வெங்காயம் நிக்கிற இடம், தம்பி. இண்டைக்கு என்ரை முறை."

"உங்களைக் காப்பாத்தத்தான் நிக்கிறம்."

"ஓம். ஆனா நீங்கள் அடிச்சா ஆமிக்காரன் திருப்பி அடிப்பான். உங்களுக்கு ஓடக் காலிருக்கு. மடத்துக்குக் காலில்லை."

"நாங்கள் அடிக்காட்டி அவன் இஞ்சை வந்திடுவான், அக்கா."

அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பிறகு, "அதுவும் சரிதான். இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார். "என்ரை பிள்ளையள் ரெண்டும் மடத்துக்கை இருக்குதுகள். எனக்கு அது மட்டும்தான் தெரியும்."

சொல்லிவிட்டுப் போய், கயிறு இழுத்து மிசினைத் தொடக்கினார். வாய்க்காலை வெட்டி, தண்ணீரை நேரே குழாய் நின்ற பாத்திக்குத் திருப்பினார். எங்கள் செம்மண்ணைப் பற்றித் தெரியும்தானே? நனைந்தால் செருப்பைக்கூடத் திருப்பித் தராது. குழாயின் கீழ்த்தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒருவன் துவக்கைத் தூக்கினான். அக்கா நிமிரவில்லை. அடுத்த பாத்திக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். நான் கனக்க வீரர்களின் கதை சொல்லியிருக்கிறேன், பாதிக்குமேல் நானே உண்டாக்கினவர்கள். இப்படி ஒரு முதுகை நான் உண்டாக்கியதுமில்லை, அதற்குப் பிறகு கண்டதுமில்லை.

"சுடாதையடா," என்றான் பொறுப்பானவன்.

அக்கா வடக்கே கையைக் காட்டினார். "அந்தப் பனை வடலிக்காணி வெறுமையாக் கிடக்கு. காய்ஞ்ச நிலம். ஒரு சனமில்லை. அங்கை கொண்டுபோங்கோ."

கொண்டுபோனார்கள்.

வடலிக்காணியோடு ஒட்டித்தான் முருகேசு அண்ணையின் வீடு. வீடு பூட்டிக் கிடந்தது, அவர் மடத்தில் இருந்தார். ஆனால் அக்காவின் மிசின் சத்தம் மடத்துக்கும் கேட்டது. "ஞானாம்பிகை இறைக்கத் துவங்கிட்டாள். அடுத்தது நாங்கள்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மண்வெட்டி எடுக்கப் பின்பாதையால் வீட்டுக்குப் போயிருக்கிறார். குழாய் நாலு தரம் அடித்தது. திரும்பி வந்தது ஏழு செல். ஒன்று, அவர் மண்வெட்டி எடுத்துக்கொண்டு நின்ற குசினிக் கூரைமேல் விழுந்தது. மடத்தில் ஒரு ஓடுகூட அசையவில்லை.

அக்கா எதற்காக மிசின் போட்டார் என்பது வாழைக்குள் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. மற்றச் சனமெல்லாம், சண்டைக்குள்ளும் இவளுக்கு வெங்காயம் பெரிதாய்ப் போச்சு என்று பேசியது. அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். முப்பத்தோராம் நாள், செத்தவீட்டுப் பந்தலுக்குள் வந்து, முருகேசு அண்ணையின் மனைவிக்கு முன்னால் நின்றார்.

"நான் இறைக்கிறதுக்கு மிசின் போடேல்லை. குழாயைச் சேத்திலை புதைக்கப் போட்டனான். அந்தக் காணியைக் கை காட்டினதும் நான்தான்."

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ரை பிள்ளையும் அந்த மடத்துக்கைதான் இருந்தவன்," என்றார்.

அவ்வளவுதான். மன்னித்தாரோ, திட்டினாரோ, இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த வெள்ளியிலிருந்து அக்கா தன்னுடைய முறையில், தன்னுடைய எண்ணெயில், முதலில் முருகேசு அண்ணையின் தறைக்குத்தான் தண்ணீர் விட்டார். தண்ணீர் குறைந்த வருசங்களில் தன் வெங்காயத்தை அவியவிட்டார். இன்றைக்கும் அப்படித்தான். யாரும் கேட்கவில்லை, யாரும் வேண்டாமென்று சொல்லவுமில்லை.

சொல்லி முடித்தேன். றொகான் தேத்தண்ணியைத் தொடவேயில்லை.

"என்னதான் சொல்லு," என்றார் இளையதம்பி அண்ணை, "கை காட்டினது அவதானே. முருகேசுவின்ரை உயிருக்கு அவதான் காரணம்."

"செல் அடிச்சவன் காரணமில்லையோ?" றொகான் பாய்ந்தான். "ஓடு போட்ட வீடு அவனுக்குத் தெரியாதோ?"

"அவன் தனக்கு வந்த செல்லுக்குத் திருப்பி அடிச்சவன்."

"அப்ப சனத்துக்கு நடுவிலை குழாயைக் கொண்டந்தவை?"

"அவையும் எங்களுக்காகத்தானே நிண்டவை!"

"எல்லாரும் எங்களுக்காகத்தான். பிறகேன் ஐயா செத்தது நாங்கள்? நீங்களும் அந்த மடத்துக்கைதானே இருந்தனீங்கள்? அவ இல்லாட்டி இந்த வடை தின்ன ஆளில்லை!"

"உவன் கனடாவிலையிருந்து வந்து எனக்குப் படிப்பிக்கிறான்!" அண்ணை எழும்பினார்.

"இருங்கோ ரெண்டு பேரும்!" செந்தூரன் வாங்கைத் தள்ளினான். "செத்தது என்ரை அப்பா. அவவை நான் ஏசுவன், கும்பிடுவன், அது என்ரை பாடு. உங்களுக்கென்ன வந்தது?"

"மடத்துக்கை நானும்தானடா இருந்தனான்!" என்று அண்ணை கத்த, றொகான் அவருடைய கையைப் பிடிக்க, செந்தூரன் றொகானின் சட்டையைப் பிடித்தான். நான், அன்றைக்கு வாழைக்குள் நின்றதுபோலவே, தேத்தண்ணிக் கோப்பையோடு ஓரமாக ஒதுங்கினேன்.