அம்மாவின் கூட்டத்துக்காரர்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. வந்தவர்களை ‘வாங்க’ என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தவள் நான்தான். கிணத்துக்கடவில் பிள்ளைகளை அப்படித்தான் வளர்ப்பார்கள்.

அப்பா ஒரு நாளிதழின் நிருபர். பக்கத்துக் கல்குவாரியில் ஒரே அனுமதிச் சீட்டைத் திரும்பத் திரும்பக் காட்டி லாரி லாரியாகக் கல் போவதையும், அதிகாரிகள் கண்டும் காணாமல் இருப்பதையும் சீட்டின் படத்தோடு எழுதிவிட்டார். எழுதியது பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. சீட்டைக் கொடுத்தது யார் என்றுதான் கேட்டார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. உடனே அவர் வதந்தி பரப்பியவர் ஆனார், அரசு ஊழியரை மிரட்டியவரும் ஆனார். “சும்மா விசாரிச்சுப்போட்டு அனுப்பிச்சர்றோமுங்க” என்று ஒருநாள் காலையில் மரியாதையாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கம் கைது செய்வதுகூட ‘ங்க’ போட்டுத்தான்.

சீட்டைக் கொடுத்தவர் அந்தக் குவாரியில் லாரி ஓட்டிய ஓர் அண்ணன். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிற்பார். அப்பா கையைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்கார வைப்பார். அவரை அப்படி வாசலில் நிற்க வைத்தது சாதி என்று அப்போது எனக்குத் தெரியாது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வந்துபோவதை வெளியாள் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அப்பாவைக் கொண்டுபோன அன்று மதியமே போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அம்மாவை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கம்ப்யூட்டரையும் காகிதங்களையும் மூட்டை கட்ட ஆரம்பித்தார். இன்னொருவர் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

“ஏங்கண்ணு, உங்கம்மா என்ன கூட்டம்?”

கூட்டம் என்றால் குலம். எங்கள் ஆட்கள் புதியவர் யாரைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். அம்மாவின் கூட்டத்தில் பிறந்த ஆண்கள் எல்லோரும் அம்மாவுக்கு அண்ணன் தம்பிகள். எனக்கு மாமன்கள். நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

“அட, நானும் அதே கூட்டந்தான்! அப்ப நான் உனக்கு மாமனாவோணுமில்ல?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. போலீஸில் எனக்கு ஒரு மாமன்! அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உங்கூட்டுக்கு லாரிக்காரங்க யாராச்சும் வருவாங்களா கண்ணு? மாமங்கிட்டச் சொன்னீன்னா அப்பா வெரசா ஊட்டுக்கு வந்துருவாரு.”

சொன்னேன். பெயரையும் சொன்னேன். சத்தியத்தை மீறியதாகவே எனக்குப் படவில்லை. மாமன் எப்படி வெளியாள் ஆவார்? அவர் என் தலையைத் தடவிக்கொடுத்து, “வாரேன் கண்ணு” என்று எழுந்தார்.

இரண்டு வாரம் கழித்து அப்பா ஜாமீனில் வந்தார். வலது கால் சரியாக ஊன்றவில்லை. அதற்குள் லாரி அண்ணனை டீசல் திருடியதாகச் சொல்லி உள்ளே தள்ளியிருந்தார்கள். “அம்மா கூட்டத்து மாமன் வந்து எங்கிட்ட ரொம்ப நேரம் பேசுனாருங்கப்பா” என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

மறுநாள் அந்த அண்ணனின் மனைவி கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றார். அப்பா கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

“உங்களையும் அவரையும் உட்டா சீட்டுக் குடுத்தது யாருக்குங்க தெரியும்?”

“எங்கிட்ட இருந்துதானுங்க போச்சு” என்றார் அப்பா. “அடி தாங்க முடியலீங்க. தப்பு எம்மேலதான்.”

அந்த அக்கா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அப்பா பொய் பேசி நான் பார்த்ததில்லை. அதனால் அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். நான் மாமனிடம் சொன்னதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. காட்டிக்கொடுத்தவரின் மகள் என்று எனக்கு அவமானமாக இருந்தது. சாப்பிடும்போது அப்பா வழக்கம்போல் தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.